சீனன்குடாவில் ஓர் ஆற்றுப்படை

எங்கள் ஊரில் இருவர் சந்தித்தால் முன்னெல்லாம் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியுமே முதலிற் பேசுவர். இப்பொழுது, “என்ன படம் பார்த்தீர்?” என்ற வினா அவற்றை முந்திக்கொள்கின்றது. புகையிரத நிலையத்திற்கு அண்மையிலுள்ள தேநீர்க்கடையில் மாலை வேளைகளில் நிகழும் உரையாடலிற் பெரும்பகுதி திரைப்படங்களையும் தொடர்களையும் பற்றியதே. ஒருவர் ஒன்றைப் பார்க்கச் சொல்வார். மற்றவர் அதைப் பார்த்து வந்து பாராட்டுவார் அல்லது சொன்னவரை ஏசுவார். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் இக்கூட்டத்தில் நானும் ஒருவன். பல்கலைக்கழகத்தில் விரிவுரைகளுக்குப் பின் நிகழும் விவாதங்களைக் காட்டிலும் இங்கு நிகழ்பவை காரசாரமானவை என்பதை நண்பர்கள் பொறுத்தருள்க.

சீனன்குடா என்றதும் வெளியூரார்க்கு எண்ணெய்த் தாங்கிகளே நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த அத்தாங்கிகளுள் 99 எஞ்சியுள்ளன. 2022 சனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 14 இந்திய நிறுவனத்திற்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 இரண்டும் கூடிய நிறுவனத்திற்கும் எனப் பங்கிடப்பட்டன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியமையையும் வரலாற்று நூல்கள் மறவாமற் குறிப்பிடும். தாங்கிகளுக்கும் மா ஆலைக்கும் விமானப்படைத் தளத்திற்கும் இடையிற் குடும்பங்களும் வாழ்கின்றன என்பதும், அவை மூன்று இனத்தவர்க்கும் உரியன என்பதும் நூல்களில் இடம்பெறுவது குறைவு.

படத்தைப் பற்றிப் பிறர்க்குச் சொல்லும் வழக்கம் இங்குப் புதிதன்று. 1972இன் பின் இந்தியப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமை அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்திடமே இருந்தமையால், தமிழகத்தில் வெளியான படம் இங்குத் திரைக்கு வரக் காலம் சென்றது. வருவதற்கு முன்னரே அதன் கதையும் பாட்டும் வந்துவிடும். இலங்கை வானொலி பாட்டைத் தந்தது. இதழ்கள் கதையைத் தந்தன. ஆனந்த விகடன் ‘பதினாறு வயதினிலே’ படத்திற்கு 62.5 மதிப்பெண் அளித்ததை, படத்தை ஒருமுறையேனும் காணாதவர்கள் தம் பிள்ளைகள் பெற்ற பெறுபேறுபோலச் சொல்லித் திரிந்தனராம். என் தந்தையார் அவர்களுள் ஒருவர். பின்னர் ‘டெக்’ வந்தது. ஒரு வீட்டில் வாடகைக்குப் பெட்டியை எடுத்து, விடியும்வரை மூன்று படங்களை ஒரே மூச்சிற் பார்ப்பர். கிண்ணியாவிலிருந்து ஒருவர் ஒளிநாடாக்களைத் துணிப்பையிற் சுற்றிக்கொண்டு ‘பாதை’யிற் கடல் கடந்து வருவார் எனத் தந்தையார் கூறுவார். கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதுவரை மனிதரும் மாடும் மோட்டார் வண்டியும் திரைப்படமும் அம்மிதவையிலேதான் வந்தன. அவர் கொண்டுவரும் நாடாக்களுள் எது நல்லது என்பதை அவரே சொல்லுவார். அவர் சொல்லை ஊர் நம்பியது. ஏனெனில் நல்லதல்லாததை நல்லதென்று கூறினால் மறுவாரம் அதே பாதையில் அவர் வந்தாக வேண்டும்.

இன்று பாதையும் இல்லை, பையும் இல்லை. 2016 சனவரியில் நெட்பிளிக்ஸ் ஒரே நாளில் 130 நாடுகளிற் புகுந்தபோது இலங்கையும் அவற்றுள் ஒன்றாயிற்று. அமேசன் பிறைமும் பிறவும் தொடர்ந்தன. ஆயினும் எங்கள் ஊரில் இவை வேரூன்றியது 2020ஆம் ஆண்டின் ஊரடங்கிலேதான். அவ்வாண்டு மே மாதத்தில் ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்கைத் தொடாமல் நேரே கைபேசிக்கு வந்தது. ஒரு கணக்கை நான்கு வீட்டார் பகிர்ந்துகொள்வதும், கடவுச்சொல்லை மாற்றியவர் எவர் என்பது பற்றிச் சண்டையிடுவதும் வழக்கமாயின. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது, மின் உள்ள வேளையிற் படத்தை இறக்கி வைத்து இருளிற் பார்த்தோம். எரிபொருளுக்காக நாடு வரிசையில் நின்ற நாள்களில், எண்ணெய்த் தாங்கிகளின் அயலில் இருட்டில் அமர்ந்து படம் பார்த்த எம் நிலையை எண்ணி இப்பொழுதும் நகைப்பதுண்டு.

கருத்துப் பரிமாற்றம் எப்பொழுதும் நகைப்புக்குரியதாய் இருந்ததில்லை. 2021 சூனில் ‘த பமிலி மான்’ தொடரின் இரண்டாம் பகுதி வெளிவந்தபோது கடை இரண்டாகப் பிளந்தது. அதற்கு முன்னரே தமிழ்நாட்டு அரசு அதைத் தடைசெய்யுமாறு மத்திய அரசுக்கு எழுதியிருந்தது. பார்க்கக் கூடாது என்று முழங்கிய இளைஞருட் பலர் அதைப் பார்த்தவரல்லர். பார்த்தே தீரவேண்டும் என்றவர்களோ, துரத்தலும் சுடுதலும் விறுவிறுப்பாய் உள்ளன என்பதற்கு மேல் ஒன்றும் கூறிலர். நான் பார்த்தேன். போராளிப் பெண்ணாக நடித்த சமந்தாவின் முகத்திற் பூசப்பட்ட கருமை அக்கதைமாந்தரைப் பற்றி எழுதியவர்கள் எவ்வளவு தூரத்தில் நின்று எழுதினர் என்பதை எனக்குக் காட்டிற்று. ஆனால் இதைச் சொல்வதற்கும் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். அவ்வாதம் கடையில் எடுபடவில்லை.

2025இல் வந்த ‘ரூறிஸ்ற் பமிலி’ வேறுவகையான பிணக்கை எழுப்பியது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டு இராமேசுவரத்திற் கரையேறிச் சென்னையில் மறைந்து வாழும் குடும்பத்தின் கதை அது. 2022 மார்ச்சில் தனுஷ்கோடியில் வந்திறங்கியோரைப் பற்றிய செய்தி எங்களுக்கு ஆறாத செய்தி. ஆகவே ஊரே அப்படத்தைப் பார்த்தது. சசிகுமாரின் யாழ்ப்பாணத் தமிழ் சரியா பிழையா என்பது பற்றி ஒரு வாரம் விவாதம் நடந்தது. தமிழக முகாம் ஒன்றிற் பல்லாண்டு வாழ்ந்து திரும்பிய பெண்மணி ஒருவர் மட்டும் வேறொன்று சொன்னார்: “அப்பிடி ஒரு தெரு எங்களுக்குக் கிடைக்கேல்லைத் தம்பி. எண்டாலும், கிடைச்சிருந்தா எப்பிடி இருந்திருக்கும் எண்டு பாக்க ஆசையாக் கிடந்தது.” அப்படத்தைப் பற்றி நான் கேட்ட திறனாய்வுகளுள் இதற்கு நிகரானது பிறிதில்லை.

இவ்வாறு மனிதர் மனிதர்க்குச் சொல்வதை இன்று பொறியும் செய்கின்றது. முன்னைய தன் பரிந்துரை முறையைப் பத்து விழுக்காடு திருத்துவோர்க்குப் பத்து இலட்சம் டொலர் தருவதாக நெட்பிளிக்ஸ் 2006இல் அறிவித்து, 2009இற் பரிசை வழங்கியது. எவர் எதைப் பார்த்தார், எவ்விடத்தில் நிறுத்தினார், அவரை ஒத்தவர் வேறெதைப் பார்த்தார் என்பவற்றைக் கொண்டு கணக்கிடும் முறைகள் அதன்பின் மேலும் வளர்ந்தன. நிறுத்தினார் என்பது பொறிக்குத் தெரியும். ஏன் நிறுத்தினார் என்பது தெரியாது. இதைப் பொறியின் குறை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். என் பெரியம்மாவின் பொருட்டு அவ்வெண்ணம் மாறிற்று.

அதைச் சொல்லுமுன் சங்க இலக்கியத்திற்கு ஒரு சிறு வழிவிலகல். பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் கலைஞனுக்குத் தான் சென்ற வள்ளலிடம் செல்லுமாறு வழிகாட்டுவதே அதன் பொருள். முருகாற்றுப்படை ஒன்று நீங்கலாக ஏனையவை இவ்வாறமைந்தன. மாணவப் பருவத்தில் இவற்றை வள்ளலின் புகழுரைகளாகவே படித்தோம். தேர்வுக்கும் அதுவே போதுமானதாயிற்று. பிற்காலத்தில் மலைபடுகடாத்தை மீளப் படித்தபோது வேறொன்று கண்ணிற் பட்டது. நன்னனின் கொடையைப் பாடும் அப்புலவர், வழியின் இடர்களையும் விடாது சொல்கிறார். பன்றியைப் பிடிக்க மலைவாழ்நர் அமைத்த பொறிகள் எங்குள்ளன, பாம்பு உறையும் குழிகள் எங்குள்ளன, வழுக்கும் பாறை எது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எத்திசையில் வரும் என்பனவெல்லாம் அதில் உள. செல்க என்பவன் அவ்வழியைத் தானே நடந்தவன். பின்னே வருபவனின் கால்களையும் எண்ணிப் பார்ப்பவன்.

பெரியம்மாவின் ஒரே மகன் 2006ஆம் ஆண்டின் ஒரு காலையில் மோட்டார்ச் சைக்கிளில் நகருக்குப் புறப்பட்டவர், திரும்பவில்லை. எனக்கு மூத்தவர், நீந்தக் கற்றுத்தந்தவர். இதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. பெரியம்மாவுக்குத் தம்பலகாமத்திற் சிறிது வயல் இருந்தது. வேளாண்மை பற்றிய எதையும் விரும்பிக் கேட்பார். ஆதலின் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ படத்தை என் கைபேசியில் வைத்துக் கொடுத்து, “சண்டை இல்லை, சாவு இல்லை, வயலும் ஒரு கிழவரும்தான், பயமில்லாமற் பாருங்கோ” என்றேன். நான் அப்படத்தை ஆறு மாதங்களுக்கு முன்னர் பார்த்தவன். மாயாண்டிக் கிழவரும், மயிலைப் புதைத்ததற்காக அவர் மீது தொடுக்கப்பட்ட வழக்கும், முளைவிட்ட நெல்லும் நினைவில் இருந்தன. இராமையா நினைவில் இல்லை. விஜய் சேதுபதி நடித்த அப்பாத்திரம், இறந்துபோன தன் காதலி உடனிருப்பதாகவே எண்ணி ஊரூராய் அலைபவன்.

பெரியம்மா ஒரு மணிநேரத்திற்குள் கைபேசியைத் திருப்பித் தந்தார். கண் வலிக்கின்றது என்றார். அன்றிரவு அவர் உண்ணவில்லை. ஆண்டுதோறும் மகன் பிறந்த நாளில் அவர் ஒரு தட்டில் உணவிட்டு மூடி வைப்பதை நான் சிறுவயது முதல் அறிவேன். உறவினருட் சிலர் அதைப் பற்றி வாய்க்குள் என்ன சொல்வர் என்பதையும் அறிவேன். திரையில் ஊரார் பித்தன் என்று பார்க்கும் ஒருவனை அவர் முன் நிறுத்திவிட்டு, பயமில்லாமற் பாருங்கோ என்றிருக்கிறேன். படம் சிறந்த படம். இராமையாவை இயக்குநர் இழிவுபடுத்தவுமில்லை. குற்றம் வழிசொன்னவனுடையது. அடுத்த சில நாள்கள் என் கைபேசி பாதியில் நின்ற அப்படத்தைத் ‘தொடர்ந்து பார்க்க’ என்று காட்டிக்கொண்டே இருந்தது.

சில மாதங்களின் பின், எங்கள் வேலிக்கு அப்பால் வாழும் சிங்கள முதியவர் ஒருவர் என்னை அழைத்தார். மா ஆலையில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆலையிற் கற்ற தமிழ் அவருடையது. அவரது அக்காவின் மகன் இராணுவத்திற் சேர்ந்து, முத்திரையிட்ட பெட்டியில் வீடு திரும்பியவர். பெட்டியைத் திறக்க விடவில்லை என்பதை ஒரேயொருமுறை, வேறேதோ பேச்சினிடையே, எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று அவர் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ படத்தின் இணைப்பைத் தம் கைபேசியிற் காட்டினார். 1997இல் எடுக்கப்பட்ட படம். 2000ஆம் ஆண்டில் அதன் திரையிடல் தடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின் 2001இலேயே மக்களைச் சென்றடைந்தது. போர்முனையில் மகன் இறந்தான் என்று முத்திரையிட்ட பெட்டி வருகின்றது. கண்ணற்ற தந்தை அதை நம்ப மறுக்கின்றார். ஜோ அபேவிக்கிரம அத்தந்தை.

“தம்பி, இது பெரியம்மாவுக்கு. ஆனா முதல்ல நீங்க பாருங்க. கடைசியில பெட்டிய தோண்டுவாங்க. அது கஷ்டம். அந்த இடம் வர முந்தி பக்கத்தில இருங்க. அவங்க வேணாம் சொன்னா விட்டுடுங்க” என்றார்.

நன்னனின் மலைக்கு வழிசொன்னவரும் இதனினும் செவ்வனே சொல்லியிருக்க மாட்டார். நான் பார்த்தேன். இரு நாள் தயங்கினேன். பின்னர் அவர் சொன்னவற்றை அப்படியே பெரியம்மாவிடம் சொன்னேன். பெட்டி தோண்டப்படுவதையும், அதனுள் மகனின் உடல் இல்லை என்பதையுங்கூட மறைக்கவில்லை. முடிவைச் சொன்னால் சுவை கெடும் என்பது எங்கள் கடையின் முதல் விதி. அவ்விதியை அன்று மீறினேன். பெரியம்மா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “போடு” என்றார்.

மூன்று மாலைகளிற் பார்த்து முடித்தார். சிங்களம் அவருக்குச் சந்தைக்குப் போதுமான அளவே தெரியும். இடையிடையே என்னிடம் பொருள் கேட்டார். பின்னர் கேட்பதை நிறுத்திவிட்டார். நட்டஈட்டுப் படிவத்திற் கையொப்பமிடுமாறு கிராம அலுவலர் அத்தந்தையை வற்புறுத்தும் காட்சிகள் படத்தில் உள்ளன. வீட்டில் வறுமை, பணம் வேண்டும், முதியவர் மறுக்கின்றார். அவ்விடங்களிற் பெரியம்மா கைபேசியை முகத்தருகே பிடித்துக்கொண்டார்.

அவரிடமும் ஒரு படிவம் உண்டு. ஓர் அலுவலகத்தார் கொடுத்துச் சென்றது. கடவுட் படத்தின் பின்னே செருகியிருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பின்னர், இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் பதியும் சான்றிதழையும் பெறலாம் என்று நான் விளக்கியிருக்கிறேன். இரண்டையும் அவர் வாங்கவில்லை. வாங்கினால் உதவிப்பணம் கிடைக்கும், கூரையை மாற்றலாம் என்று அறிவுரை கூறியோருள் நானும் ஒருவன்.

படம் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே: “அந்தக் கிழவன் கடைசிமட்டும் கையெழுத்து வைக்கேல்லைத்தானே?”

“இல்லை, பெரியம்மா.”

“வைக்கக் கூடாது” என்றார். அன்றிரவு உண்டார்.

கூரையைப் பற்றி நான் பின்னர் அவரிடம் பேசவில்லை. பேசாதது சரியோ என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை; மழைக்காலத்தில் அவ்வீடு ஒழுகுகின்றது.

சென்ற விடுமுறையில் மூதூரிலிருந்து ஒரு பெண்மணி பெரியம்மாவைக் காண வந்திருந்தார். மகனின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு பெரியம்மாவைப் போலவே ஊர்வலங்களுக்குச் செல்பவர். நான் உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திண்ணையிற் பெரியம்மாவின் குரல் கேட்டது.

“சிங்களப் படம்தான். பாஷை விளங்காட்டிலும் ஒண்டுமில்லை, அந்தாளின்ர முகத்தைப் பாத்தாக் காணும். தனிய இருந்து பாக்காதை, மகளைப் பக்கத்தில வைச்சிரு. முடியிற நேரம் ஒரு பெட்டியைத் தோண்டுவினம். அப்ப வேணுமெண்டாக் கண்ணை மூடிக்கொள். நான் மூடேல்லை.”