ஆறாவது கவுண்டர்

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி. ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடி. சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு மதிப்பு. அதனால் சிங்கப்பூரிலிருந்து பாலத்தைத் தாண்டி வந்தவர்களின் தள்ளுவண்டிகளில் எண்ணெயும் சோப்புத்தூளும் குவிந்திருக்கின்றன. அவர்களுக்குப் பின்னால் மாசாயிலிருந்தும் ஸ்கூடாயிலிருந்தும் வந்த நம் குடும்பங்கள். பத்தாண்டுக்கும் மேலாக ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி முதல் அது சனி, ஞாயிறாக மாறியது. இப்போது ஞாயிறன்றும் இரு கரைக் கூட்டமும் ஒரே வரிசையில் நிற்கிறது.

ஆறாவது கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். நிற்பதற்குத்தான் அங்கே இடம், உட்கார நாற்காலி இல்லை. நெற்றியில் சிறு கீற்றாகத் திருநீறு. "அட்டை இருக்கா? பை வேணுமா?" இதையே மலாயில் ஒருவரிடம், ஆங்கிலத்தில் அடுத்தவரிடம், நம்மவர் என்றால் தமிழில். சீனப் பாட்டி வந்தால் விலையை மட்டும் மாண்டரினில். மொழி மாறும்போது தலை சாய்வதும் குரல் இறங்குவதும்கூட மாறுகின்றன. எல்லா மொழியிலும் பணிவாக இருக்கத் தெரிந்த பிள்ளை.

ஒருவர் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டுகிறார். அலமாரியில் ஒட்டியிருந்த விலை வேறு, இயந்திரம் காட்டும் விலை வேறு. "கண் தெரியாதா? ஏமாற்றுகிறீர்களா?" விலை ஒட்டியது அவள் அல்ல. அதை அவள் சொல்லவில்லை. "சாரி சார்" என்கிறாள், மறுபடியும் "சாரி சார்" என்கிறாள். அவளுடைய இடதுகைக் கட்டைவிரல் நகம் மேசை விளிம்பில் காய்ந்துபோன ஸ்டிக்கர் பசையைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. முகத்தில் எதுவும் இல்லை. சாவியோடு மேற்பார்வையாளர் வருகிறார், அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கிறார், விலையைத் திருத்துகிறார், போய்விடுகிறார். அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்து நிற்பது சாக்லேட்டை நீட்டும் ஒரு குழந்தை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்தில் அவள் சிரித்தாக வேண்டும். சிரிக்கிறாள்.

இந்தச் சிரிப்பும் உழைப்புதான் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 1983-லேயே எழுதினார். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் கவனித்து, உணர்ச்சியை அடக்குவதும் வரவழைப்பதும் கூலிக்கு விற்கப்படுகின்றன என்றார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று மணிக்கணக்கில் நிற்பவர்கள் சீக்கிரம் ஓய்ந்துபோகிறார்கள் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. மலேசியச் சட்டம் 2023 முதல் வார வேலை நேரத்தை 48-லிருந்து 45 மணியாகக் குறைத்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியானது. இரண்டுமே நல்லவை. ஆனால் அந்த மணிநேரங்களில் அவள் எத்தனை வசவுகளை விழுங்கினாள் என்பது எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது.

வரிசையில் இப்போது நம் பெரியவர் ஒருவர். நல்ல மனிதர்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டே சொல்கிறார்: "கொஞ்சம் சிரிச்சா என்னம்மா கொறைஞ்சா போயிருவ? நம்ம புள்ளைன்னுதான் சொல்றேன்."

"சரிங்க அங்கிள்."

அன்று மாலை நான் பார்த்ததில் மிகவும் கனமானது இதுதான். அந்நியர் திட்டினால் கடையின் விதி ஒன்று குறுக்கே நிற்கும், மேற்பார்வையாளராவது வருவார். நம்மவர் உறவின் உரிமையோடு கேட்கும்போது அவளுக்குத் தடுக்க எதுவும் இல்லை. அந்தச் சிரிப்பையும் கொடுத்துவிட்டுத்தான் அவள் ஓய்வுக்குப் போனாள்.

கழிவறைக்குப் போகும் நடையில் சுவரைப் பார்த்து நிற்கிறாள். காதில் கைப்பேசி. திரையில் வெளிச்சமே இல்லை, மறுமுனையில் யாரும் இல்லை. யாரும் தன்னிடம் பேச வராமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி அது.

அவள் மனம் களைத்துப்போயிருப்பதாக வீட்டில் சொல்வாளா? இங்கே பழைய ஆட்களுக்கு மனநலம் என்றாலே தம்போய் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். 1930-களில் எழுந்த அந்த மருத்துவமனையின் இன்றைய பெயர் பெர்மாய். பெயர் மாறியும் பயம் போகவில்லை. வேலையில் உண்டாகும் களைப்பை உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தொழில்சார் நிகழ்வாகவே வகைப்படுத்தியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தென்கொரியா 2018-லேயே, வாடிக்கையாளரின் வசவுக்கு ஆளாகும் ஊழியரை வேலையிலிருந்து விலக்கி ஓய்வு கொடுக்கும் பொறுப்பை முதலாளி மீது சட்டமாக வைத்தது. டோக்கியோ நகரம் 2025 ஏப்ரலில் வாடிக்கையாளர் தொல்லையைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. ஜொகூர் கவுண்டர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒரு நாற்காலியும் வேண்டும், அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை கவுண்டரில் நிற்கிறாளா? இன்றிரவு அவள் வந்ததும் எதையும் கேட்காமல் சாப்பாட்டைப் போடுங்கள். பேச முடியாத அளவுக்குப் பாரம் என்றால் 15555 என்ற எண்ணை அவளிடம் கொடுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் அது. அடுத்த வாரம் நீங்கள் அந்த வரிசையில் நிற்கும்போது, விலை தவறாக இருந்தால் விலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவளைச் சிரிக்கச் சொல்லாதீர்கள்.