பல்லைப் பார்த்தே ஊரைச் சொல்லலாம்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. போன வாரம் மதிய சாப்பாட்டு நேரத்தில் நம் வகுப்புப் பெருமக்கள் பல்லை வெள்ளையாக்கும் ஸ்ட்ரிப் நல்லதா, அடுப்புக்கரி போட்ட பேஸ்ட் நல்லதா என்று பட்டிமன்றமே நடத்தினார்கள். தீர்ப்பு வரவில்லை, மணி அடித்துவிட்டது. அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பல் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்குப் பேச ஒரு உரிமை உண்டு. இலங்கை வானொலி விளம்பரத்தால் ஊர் ஊராகப் பெயர் பரவிய கோபால் பல்பொடி நம்ம ஊர்ச் சரக்குதான். ரோஸ் கலர், இனிப்பு. பல் விளக்கியது பாதி, தின்றது பாதி என்று எங்கள் அப்பா தலைமுறையே சொல்லும். அதற்கும் முன்னால் ஆலும் வேலும். கிராமத்தில் செங்கல் பொடி, சாம்பல், உப்பு. இவ்வளவு இருந்தும் உசிலம்பட்டிப் பக்கம் போனால் பளிச்சென்று சிரிக்கும் பிள்ளைகள் சிலருக்கு முன்பல்லில் பழுப்புக் கோடு. சிலருக்குச் சுண்ணாம்பு தெளித்தது மாதிரி வெள்ளைத் திட்டு. ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்றுதான் டவுனில் பேசுவார்கள். அது அப்பட்டமான தப்பு.

கறையில் இரண்டு ரகம் இருக்கிறது மக்களே. டீ, வெற்றிலை, புகையிலை எல்லாம் பல்லுக்கு வெளியே ஒட்டுகிற கறை. டாக்டரிடம் போய் ஸ்கேலிங் பண்ணினால் போய்விடும். (ஸ்கேலிங் பண்ணினால் பல் ஆடும், சந்து விழும் என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சந்தில் அதுவரை உட்கார்ந்திருந்தது காரை. காரை போனதும் சந்து கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.) இரண்டாவது ரகம் பல்லுக்கு உள்ளேயே ஊறிய கறை. உசிலம்பட்டிப் பக்கம் பார்ப்பது இந்த ரகம். பெயர் ஃபுளோரோசிஸ். காரணம் குடிக்கிற தண்ணீர்.

மதுரைக்கு மேற்கே இருக்கும் கரிசலும் செம்மண்ணும் கலந்த வறண்ட பூமிக்கு அடியில் பழைய கடினப் பாறை. அந்தப் பாறையின் தாதுக்களில் ஃபுளோரைடு இருக்கிறது. தண்ணீர் பாறை இடுக்கில் அதிக நாள் தங்கத் தங்க அது கரைந்து கலக்கும். மழை குறைவு, புதுத் தண்ணீர் கீழே இறங்குவதும் குறைவு. கண்மாய்த் தண்ணீரும் மேலாகத் தோண்டிய கிணறும் போய், ஆழமாகப் போர் போட்டுக் குடிக்க ஆரம்பித்தபோது இதுவும் சேர்ந்தே மேலே வந்தது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர், நாற்றம் கிடையாது, ருசியிலும் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அடுத்தடுத்த இரண்டு போரில் ஒன்று இந்த அளவுக்குள் இருக்கும், இன்னொன்று தாண்டும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்தத் தண்ணீர் எல்லோருடைய பல்லையும் கெடுப்பதில்லை. நிரந்தரப் பல்லின் எனாமல் உருவாவது ஈறுக்குள்ளே, தாடை எலும்புக்குள்ளே. பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை அந்த வேலை நடக்கிறது. அந்தச் சமயத்தில் ஃபுளோரைடு அதிகமாகப் போனால் எனாமல் கெட்டியாக அமையாமல் பொடிப்பொடித் துளைகளோடு அமைந்துவிடும். முளைக்கும்போது வெள்ளைத் திட்டாக இருப்பது, போகப்போகக் கறை ஏறிப் பழுப்பாகும். எட்டு வயதுக்கு மேல் அந்த ஊருக்குக் குடிவந்தவர் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் பெரியம்மா சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் பிறந்து வளர்ந்து, உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துக்கு வாக்கப்பட்டவர். முப்பது வருஷமாக அதே போர் தண்ணீர்தான். பல் இன்னும் முல்லை. அவர் பெற்ற மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, முன்பல் ஆறும் பழுப்பு. தலைப்பு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் டாக்டர் அந்த ஊர்க்காரர்களின் பழுப்புப் பல்லைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். காரணம் தேடி முப்பது வருஷம் அலைந்திருக்கிறார் மனிதர். இடாஹோவில் ஓக்லி என்ற ஊரில், புதிதாகக் குழாய் போட்டு ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை வந்தது என்று தாய்மார்கள் சொன்னார்கள். அந்தத் தண்ணீரை விட்டுவிடச் சொன்னார். 1925-ல் விட்டார்கள். அடுத்து வந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பல் சுத்தமாக முளைத்தது. அது ஃபுளோரைடுதான் என்று 1931-ல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயைப் பதிவு செய்துவிட்டார்கள். தெரியாத நோய் என்று யாரும் சொல்ல முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனோடு வந்து 2013-ல் திறக்கப்பட்டதும் இதே ஃபுளோரைடுக்காகத்தான்.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் புரோக்கர் ஒவ்வொரு முறையும் ஒரே வசனத்தோடு வந்தார். "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, பல்லுதான் கொஞ்சம்..." அந்தக் 'கொஞ்சம்' கேட்டுக் கேட்டு, வாயில் கை வைத்துச் சிரிக்கப் பழகிவிட்டாள். போட்டோவுக்கு உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "டேய் தம்பி, நான் என்ன பல்லு வெளக்காமயா இருந்தேன்? ரெண்டு வேள வெளக்குனேன்டா." என்னால் ஒன்றும் பதில் சொல்ல முடியவில்லை. அவள் விளக்கியதில் குறையே இல்லை. தண்ணீர் செய்த வேலைக்கு அவள் கூனிக் குறுகினாள்.

முன்பல் ஆறுக்கும் கேப் போட்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்று வீட்டில் ஒரு யோசனை. அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனது நான்தான். அவர் முதலில் கேட்டது, "சொத்தை இருக்கா? வலி இருக்கா? பல்லு உடைஞ்சிருக்கா?" ஒன்றும் இல்லை. "அப்ப எதுக்கு நல்ல பல்லை ராவணும்?" என்றார்.

கேப் என்றால் சும்மா தொப்பி மாட்டுவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ராவிக் குச்சியாக்கினால்தான் அதன் மேல் கேப் உட்காரும். ராவிய எனாமல் திரும்ப வளராது, ஏனென்றால் அதைச் செய்யும் செல்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க கேப்தான். விழுந்தால் மறுபடி, உடைந்தால் மறுபடி. இருபத்துச் சொச்சம் வயதில் ஆரம்பித்தால் எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெனியர் என்பது முன்பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ராவி ஒட்டுகிற மெல்லிய ஓடு. சேதம் குறைவு, செலவு ஜாஸ்தி.

கேப் வேண்டியவர்கள் வேறு. எங்கள் அப்பாவின் கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்பு வரை போய் ரூட் கேனால் பண்ணினார்கள். நரம்பை எடுத்து, வேருக்குள் இருக்கும் மூன்று நாலு குழாயையும் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் சரக்கால் அடைப்பார்கள். (மலாய் நாட்டு மரத்தின் பால். 19-ம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது மேலுறையாகச் சுற்றியது இதைத்தான்!) சொத்தையில் பாதிப் பல் போயிருப்பதால் மேலே கேப் போடாவிட்டால் கடிக்கும்போது பிளந்துவிடும். நம் ஆட்கள் வலி நின்றதும், கேப்புக்குத் தனிக் காசா என்று கேட்டுவிட்டு மாயமாகிவிடுவார்கள். போட வேண்டிய இடத்தில் போடாமல், போட வேண்டாத முன்பல்லுக்கு வரிசையாகப் போடுகிறோம்.

அக்காவுக்கு டாக்டரம்மா செய்தது இரண்டு வேலை. முதலில் லேசான அமிலத்தோடு உராய்வுப் பொடி கலந்து எனாமலின் மேல்தோலை மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுப்பது. மைக்ரோஅப்ரேஷன் என்கிறார்கள். அப்புறம் பெராக்சைடு ஜெல் வைத்து பிளீச்சிங். கொஞ்ச நாள் ஜிகர்தண்டா பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, கூச்சம் உயிரை எடுக்கும், பிறகு தானே அடங்கும். முத்துப்பல் எல்லாம் ஆகவில்லை. பழுப்பு இளமஞ்சளாகியது, வெள்ளைத் திட்டு சிலது அப்படியே இருக்கிறது. கறை ரொம்ப ஆழமாக இருந்தாலோ எனாமல் குழி விழுந்திருந்தாலோ இது போதாது, அப்போது காம்போசிட் பூச்சோ வெனியரோதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். கடையில் வாங்கும் ஸ்ட்ரிப்பை இந்தப் பல்லில் நீங்களாக ஒட்டாதீர்கள் நண்பர்களே. வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரிய ஆரம்பிக்கலாம். கரிப் பேஸ்ட் உராய்ந்து எனாமலைத்தான் தேய்க்கும். உள்கறையை அது தொடக்கூட முடியாது.

அந்த மாப்பிள்ளை வீடு தட்டிப்போனது. பல்லால் இல்லை, நகையால். பிறகு வேறு இடத்தில் முடிந்தது, அதே தாலுகாவில். இப்போது அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

அக்கா இப்போது தண்ணீர் விஷயத்தில் ராட்சசி. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதும் என்று மாமியார் சொல்ல, பெரிய விவாதம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் அதன் அளவு கூடத்தான் செய்யும். குழாயில் வைகைத் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சோறு வடிக்கவும் தனிக் குடத்தில் பிடித்து மூடி வைக்கிறாள், வராத நாளில் ஆர்ஓ கேன். போர் தண்ணீர் துவைக்கவும் மாட்டுக்கும்தான். பேஸ்ட்டை விட்டுவிடவில்லை. சொத்தை வராமல் காப்பதும் இதே ஃபுளோரைடுதானே. அரிசி அளவு வைத்துத் தேய்த்து, துப்ப வைக்கிறாள். பாப்பா பாதி நேரம் மேலே துப்புகிறது.

போன தடவை போயிருந்தபோது கேட்டாள். "இவளுக்குப் பால்பல்லு விழுந்து முன்பல்லு எப்படா மொளைக்கும்?"

"ஆறு ஏழு வயசுல."

விரல் விட்டு எண்ணினாள். இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கிறது.