ஜெபிக்கிறேன் என்று சொல்லுமுன்

உபதேசியார் ஊழியத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பதை வீடு சந்திப்பில் வாசலுக்கு வாசல் சொல்லிவிடுகிறோம். தெருமுனை திரும்புவதற்குள் பாதி மறந்துபோகும். அங்கேயே நின்று ஜெபித்துவிடுங்கள். நேரமில்லையென்றால் பெயரையும் காரியத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டு, ராத்திரி குடும்ப ஜெபத்தில் அதை எடுங்கள். அடுத்த தடவை போகும்போது, "அக்கா, ஸ்கேன் ரிப்போர்ட் வந்துட்டா?" என்று கேளுங்கள். இத்தனை வருஷமும் அந்த நோட்டு என் சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை; அதில் எனக்கு நிறைவு உண்டு.

எனக்கு வேலை பழக்கிய மூத்த உபதேசியார் பிரசங்கக் குறிப்பை வெள்ளிக்கிழமையே முடித்துவிடுவார். சனிக்கிழமை அதைத் தனக்கென்று வாசிப்பார். ஒரு வாரம் மத்தேயு 5ஆம் அதிகாரம். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் பகுதி. வாசித்தவர் சைக்கிளை எடுத்தார். கல்லறைத் தோட்டத்துச் சுவர் விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய், இருட்டின பிறகு திரும்பினார். மறுநாள் பிரசங்கத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரைப் பாக்கப் போனேன் தம்பி, சாட்சிக்குச் சரக்கு எடுக்கப் போகலை" என்றார்.

என்னோடு வேலை பழகிய ஒருவர் ஜெபத்தில் மட்டும் குரலை இழுத்து நடுங்கவிடுவார். மூத்த உபதேசியார் அவரைத் தனியே கூப்பிட்டு, "வீட்ல அப்பாகிட்ட சோறு கேக்கும்போதும் இப்படித்தான் கேப்பியா?" என்றார். அதன்பின் அந்த அண்ணன் ஜெபம் சுருங்கியது; சபையார் ஆமென் சத்தம் கூடியது.

கொடுப்பதில் உண்மையைப் பெண்களிடம்தான் படிக்க வேண்டும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போடும் கைப்பிடி அரிசிக் காணிக்கை திருநெல்வேலிச் சபைகளில் பழைய வழக்கம். அடுப்படியில் அந்தப் பிடி எவ்வளவு இறுகுகிறது என்பது அந்தக் கைக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் பணம், வைத்துக்கொள்ள உரிமை இருந்தது. ஒரு பங்கைக் கொடுத்து, முழுவதும் கொடுத்ததாகக் காட்டியதில்தான் விழுந்தார்கள்.

ஞாயிறுதோறும் பாவ அறிக்கையைக் குருவானவரும் நம்மோடு சேர்ந்துதான் சொல்கிறார். பொதுவாகப் பாவி என்று சொல்வது எளிது. செவ்வாய்க்கிழமை மனைவியிடம் பேசிய கடுஞ்சொல்லை முழங்காலில் நின்று நினைப்பது கஷ்டம். அந்த ஒன்றையாவது நினைத்துக்கொண்டு வாயைத் திறங்கள். தடுமாறி விழுந்து, அழுதுகொண்டே கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறவரை மாய்மாலக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். தன் விழுகையை மூடிவைத்துக்கொண்டு அவருக்குப் புத்தி சொல்ல எழும்பும் உபதேசியாருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.