பழைய வண்டியும் புதிய பாட்டரியும்

1955-ஆம் ஆண்டில் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனியார் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைச் செய்துவந்தமை நம்மவர் பலரும் அறிந்ததே. அங்ஙனம் அங்கே உருவான 6 வோல்ட் வண்டியொன்றை என் தந்தையார் எனக்கு அளித்தார். அதன் பாட்டரி வலியிழந்தபோது, 12 வோல்ட்டுக்கு மாறுமாறு நண்பர் சிலர் கூறினர்.

6 வோல்ட் பாட்டரியில் அறைகள் மூன்று. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். விளக்கும் ஹாரனும் அவ்வளவிற்கே அமைந்தவை. பாட்டரியை மட்டும் மாற்றின் விளக்குகள் கருகும். யாவற்றையும் மாற்றினாலோ, தந்தையார் ஓட்டிய வண்டியாக அது எஞ்சாது. ஆதலின் பெட்டியின் அளவையும் முனைகளின் நிலையையும் ஒப்புநோக்கி, 6 வோல்ட்டையே தேர்ந்தேன்.

பாட்டரி நெடுநாள் வாளா கிடப்பின் ஈயத்தகடுகளில் சல்பேட் இறுகி ஆற்றல் குன்றும். எனவே ஞாயிறுதோறும் இராயபுரத்தினின்று எண்ணூர் வரை ஓட்டுகிறேன். தந்தையார் பின்னே அமர்ந்து வருகிறார். பழம்பொருளைப் பேணுவோர் அதன் அளவறிந்து பேணுதல் வேண்டும்.