நாலு மூலைக்கு இரண்டு மூலைக் கணக்கு

ஒலுவிலில் துறைமுகம் வந்ததோடு கடலரிப்பும் வந்தது. அங்கும் நிந்தவூரிலும் கருங்கல் போட்டு அலையை மறிக்கிறார்கள். இப்படியான வேலைக்குப் போகிற தம்பிமார் சிலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "காக்கா, கல் தூக்கும் கம்பிக்கயிற்று வலை எத்தனை தொன் தாங்கும்?"

கயிறு எத்தனை தொன்னில் அறும் என்பது சுருளோடு வரும் தாளில் இருக்கும். எத்தனை தொன் தூக்கலாம் என்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும். புரிக்குப் 19 இழையாக 6 புரி முறுக்கிய 12 மில்லிமீற்றர் கயிறு, புதிதாக இருந்தால், ஏறக்குறைய 8 தொன்னில் அறும். அதை ஐந்தால் வகுங்கள்: 1.6 தொன். முனையைக் கிளிப் போட்டு மடித்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கு பலம் அங்கேயே போய்விடும். மிச்சம் 1.3 தொன் அளவில்தான். கிளிப்பும் குறைந்தது மூன்று வேண்டும். வளைந்த கம்பி வெட்டுமுனைப் பக்கம், தட்டையான அடி பாரம் இழுக்கும் பக்கம். மாற்றிப் போட்டால் கிளிப்பே கயிற்றை நசுக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது அடுத்த இடத்தில். வலைக்கு நாலு மூலை என்பதால் நாலால் பெருக்குகிறார்கள். கல் ஒருநாளும் நடுவில் இருக்காது. ஒரு மூலை இறுகும், எதிர் மூலை தளரும். எப்போதும் இரண்டு மூலைதான் தூக்குகிறது என்று எண்ணுங்கள். அந்த இரண்டும் கொளுக்கியில் 60 பாகையில் சேர்ந்தால் 2.2 தொன் வரை தூக்கலாம். 120 பாகைக்கு விரிந்தால் வெறும் 1.3 தொன். ஒரு கன மீற்றர் கருங்கல்லோ 2.6 தொன்னுக்குக் குறையாது. எட்டை நாலால் பெருக்கி 32 தொன் என்று நம்பியவனின் வலைக்கு அந்த ஒற்றைக் கல்லே கூடுதல்!

இது ஓரக்கயிற்றின் கணக்கு. உள்கண்ணிகள் இன்னும் மெல்லிசு. தடிப்பு பாதியானால் பலம் காற்பங்கு. மருதமுனைத் தறிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு கூர்முனை குத்தும் இடத்தில் துணி முழுவதுமா தாங்குகிறது? அந்த நாலைந்து இழைதான். கல்லின் மூலையும் வலையை அப்படித்தான் பிடிக்கும். பாரந்தூக்கிக்காரர் வெடுக்கென்று இழுத்தால் பாரம் இரட்டிக்கும். அல்லாஹ் காப்பான், சரி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அவன்மேல் தவக்குல் வைக்கச் சொல்லியிருக்கிறது.

நம் உப்புக் காற்றுக்கு வெளியே கிரீஸ் மினுங்கும், உள்ளே துரு தின்னும். புரி ஒரு சுற்று வரும் நீளத்துக்குள் 10 இழை அறுந்திருந்தாலோ ஒரு புரியில் மட்டும் 5 அறுந்திருந்தாலோ அந்தக் கயிறு தூக்குவதற்கு ஆகாது. கழித்த கயிற்றை முழுதாகக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். வெட்டித் துண்டாக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் விடியுமுன் யாராவது தோணி இழுக்கக் கொண்டுபோய்விடுவார்கள்.