களவுபோன மிதிவண்டி

66 வயதில் ஒருவன் மிதிவண்டி ஓட்டுவதற்காகவே இத்தாலி நாட்டுக்குச் செல்கிறான் என்றால், கேட்பவர் நகைக்கத்தான் செய்வர். எங்கள் பங்கிலும் நகைத்தனர். உரோமைக்குத் திருப்பயணம் போகிறேன் என்று சொல்லியிருந்தால் ஆளுக்கொரு செபமாலை வாங்கிவரச் சொல்லியிருப்பார்கள்! மிலான் நகரில் செவிலியராகப் பணிபுரியும் என் மகளின் ஏற்பாடு அது. 2019 செப்டம்பரில், பார்மாவிலிருந்து மோதெனா வரை, வழிகாட்டி ஒருவரின் பின்னே ஐந்து நாள் பயணம். நாளொன்றுக்கு 30, 40 கிலோமீட்டர். பெட்டிகளை ஒரு வேன் சுமந்து வரும். மிதிப்பதும் உண்பதும் மட்டுமே எங்கள் வேலை.

போ ஆற்றின் சமவெளி மேடு பள்ளம் அறியாதது. கி.மு. 187இல் எமிலியுஸ் லெப்பிதுஸ் என்னும் உரோமை ஆட்சியாளர் போட்ட சாலை, ரிமினியிலிருந்து பியாச்சென்சா வரை அம்பு விட்டாற்போல் இன்றும் கிடக்கிறது. எமிலியா என்ற பெயரை அந்நிலத்துக்குத் தந்ததே அச்சாலைதான். லாரிகள் விரையும் அதனை விடுத்து, வயல்வழிகளிலும் ஆற்றின் கரைமேட்டிலும் எங்களை அழைத்துச் சென்றார் வழிகாட்டி. ஐம்பதைக் கடந்த பெண்மணி, அப்பகுதியிலேயே பிறந்தவர். அவருடைய வண்டியின் கைப்பிடியில் கிசால்லோ அன்னையின் சிறு பதக்கம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மிதிவண்டி ஓட்டுவோருக்குப் பாதுகாவலியாக அவ்வன்னையைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1949இல் அறிவித்தார் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

முதல்நாள் இரவு உணவின்போதே சிக்கல் எழுந்தது. அவ்வூர்த் திராட்சை இரசத்துக்கு லாம்புருஸ்கோ என்று பெயர். செந்நிறம், ஊற்றும்போது நுரைத்துப் பொங்கும். எட்டுப் பேர் அமர்ந்த மேசையில் நான் மட்டும் என் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். வழிகாட்டியின் முகம் வாடியது. "அப்பா மருந்து சாப்பிடுகிறார்" என்று என் மகள் முந்திக்கொண்டாள். நான் எம்மருந்தும் உண்பதில்லை. பேச்சை மாற்ற எண்ணியோ என்னவோ, அவள் தன் தாத்தாவின் கதையைத் தொடங்கினாள்.

அக்கதையை அவளுக்குச் சிறுவயதில் சொன்னவன் நானே. அவள் தாத்தா உபதேசியார். ஐந்து கிளைக் கிராமங்களுக்குச் சென்று செபம் சொல்லிக் கொடுக்கப் பங்கிலிருந்து அவருக்கு ஒரு மிதிவண்டி வழங்கப்பட்டது. அந்தோணியார் திருவிழாவன்று தேர் பார்க்க அதை வெளியே நிறுத்தினார், திருடன் கொண்டுபோய்விட்டான். அதன்பின் சாகும்வரை செபமாலை உருட்டிக்கொண்டே அவ்வைந்து ஊர்களுக்கும் நடந்தார். "புனிதர்தான்!" என்றார் மேசையிலிருந்த ஒருவர். நான் கவிழ்ந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிரெசெல்லோ. குவாரெஸ்கி படைத்த தோன் கமில்லோவை நம்முள் பலர் அறிவர். சிலுவையில் தொங்கும் ஆண்டவரோடு வழக்காடும் பங்குத்தந்தை. 1952இல் வெளிவந்த திரைப்படம் இவ்வூரில்தான் எடுக்கப்பட்டது. சதுக்கத்தில் அவருக்கும், அவரோடு ஓயாது மோதும் பொதுவுடைமைக் கட்சி மேயருக்கும் வெண்கலச் சிலைகள் உள்ளன. படத்தில் பேசிய சிலுவையோ ஆலயத்துள் இருக்கிறது. அதன்முன் சற்று முழந்தாளிட்டேன். என்னிடம் அது ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை பாலாடைக்கட்டி செய்யும் ஆலையொன்றைக் காணச் சென்றோம். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். முதல்நாள் மாலைப் பாலை இரவு முழுதும் தட்டுகளில் நிறுத்தி, மேலே மிதக்கும் ஆடையை எடுத்துவிட்டு, காலைக் கறவையோடு கலக்கிறார்கள். மணியைக் கவிழ்த்தாற்போன்ற செம்புக் கொப்பரை. அதில் ஏறத்தாழ 1,100 லிட்டர் பால். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளை இட்டதும் சில நிமிடங்களில் தயிர்போல் இறுகுகிறது. அதைக் கோதுமை மணியளவாக உடைத்துக் காய்ச்ச, துகள்கள் அடியில் ஒன்றுசேர்கின்றன. இருவர் துணியிட்டு அதைத் தூக்கி இரண்டாக அறுத்தபோது, பிறந்த குழந்தைகளைக் கையில் ஏந்துவது போலிருந்தது. 550 லிட்டர் பாலுக்குச் சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரம் கிடைக்கிறது. ஏறத்தாழ 20 நாள் உப்புநீரில் ஊறி, பின் மரத்தட்டில் ஓராண்டேனும் கிடந்தால்தான் பார்மிஜானோ என்ற பெயருக்கு அது உரிமை பெறும். பால், உப்பு, உறைபொருள் தவிர வேறெதையும் சேர்க்கலாகாது. மாடுகளுக்கு ஓய்வுநாள் இல்லையாதலால் ஞாயிறன்றும் கொப்பரை ஏறுகிறது.

ஓராண்டு நிறைந்ததும் சோதகர் ஒரு சிறு சுத்தியலோடு வருகிறார். சந்தையில் நம் பெண்கள் தேங்காயைத் தட்டிப் பார்ப்பார்களே, அதுபோலச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிச் செவி கொடுக்கிறார். உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். வெளித்தோல் மட்டும் பொன்போல் மின்னிப் பயனில்லை.

ஆலைக்குப் பால் தரும் தொழுவத்தில் தலைப்பாகை அணிந்த சீக்கியர் ஒருவரைக் கண்டேன். இப்பகுதித் தொழுவங்களில் பஞ்சாபியர் பலர் உழைக்கின்றனர். அருகிலுள்ள நொவெல்லாராவில் 2000ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கென ஒரு குருத்துவாராவும் இருக்கிறது. எனக்கு இந்தி வராது. அவருக்கு ஆங்கிலம் வராது. இந்தியர் இருவர் நலம் விசாரித்துக்கொள்ள என் மகளின் இத்தாலியம் வேண்டியதாயிற்று! ஊரிலிருக்கும் தம் தாயிடம் தாம் மாடு கறப்பதைச் சொன்னதில்லை என்றும், ஆலையில் வேலை என்று மட்டும் சொல்லியிருப்பதாகவும் அவர் கூறினார். தாமே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் ரொவெரெத்தோ என்னும் சிற்றூர். 2012 மே மாதம் 20ஆம் நாளும் 29ஆம் நாளும் இச்சமவெளியை நிலநடுக்கம் உலுக்கியது. இலட்சக்கணக்கான பாலாடைக்கட்டிச் சக்கரங்கள் தட்டுகளிலிருந்து சரிந்தன. உடைந்தவை வீணாகாதிருக்க, மோதெனாவின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் மாசிமோ போத்தூரா அவற்றைக் கொண்டு சமைக்கும் ஒரு சோற்றுணவை வகுத்தார். பல நாடுகளில் மக்கள் அதைச் சமைத்து உண்டனராம். இவையெல்லாம் வழிகாட்டி சொன்னவை. ஆலயத்தின் முன் வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. இரண்டாம் நடுக்கத்தன்று, பழுதுற்ற அவ்வாலயத்துள் அன்னையின் திருவுருவத்தை மீட்கச் சென்ற பங்குத்தந்தை இவான் மர்த்தீனி இடிபாட்டில் உயிர்நீத்தார். அடுத்த மாதமே திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அங்கு வந்து நின்றார். "ஒரு சிலைக்காகவா என்று கேட்டவர்களும் உண்டு" என்றார் வழிகாட்டி. அவர் விடை சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அவ்விடத்தில், என்னைக் கேளாமலே, எங்கள் ஊரின் பழைய பங்குத்தந்தை என் நினைவில் வந்து நின்றார்.

அங்கிருந்து புறப்பட்டபோது, மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு, மகளோடு இணையாக ஓட்டினேன். மிதிவண்டியில் ஒரு வசதி உண்டு. அருகருகே செல்லலாம், முகம் பார்க்க வேண்டியதில்லை.

மிதிவண்டியை எவனும் திருடவில்லை என்றேன். 1962ஆம் ஆண்டு, மதுவிலக்கு நடைமுறையிலிருந்த அந்நாளில், கள்ளச்சாராயம் காய்ச்சியவனிடம் பட்ட கடனுக்கு என் தந்தையே அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொடுத்தார். அது பங்கின் சொத்து. 9 வயதுச் சிறுவனாகிய நான் அவர் பின்னே நின்றிருந்தேன். மறுநாள் பங்குத்தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, "திருவிழாக் கூட்டத்தில் களவுபோய்விட்டது என்று கேள்விப்பட்டேன். இனிமேல் எதையும் வெளியே நிறுத்தாதிரும், உபதேசியாரே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

அன்று மாலையே அம்மா என்னை மாதா பீடத்தின்முன் நிறுத்தி, வாழ்நாளில் ஒரு துளியும் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுக்கச் செய்தார். அப்பா குடியை விட்டாரா என்றால், விட்டார், மீண்டும் தொட்டார், மீண்டும் விட்டார். ஐந்து ஊர்களுக்கு நடந்தது மட்டும் முற்றிலும் உண்மை. பங்குத்தந்தையின் அந்தப் பொய் எங்கள் குடும்பத்தைக் காத்ததா, எங்கள் வாயைக் கட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இரண்டும் என்றே சில நாள் தோன்றுகிறது.

என் மகள் வெகுதூரம் பேசாமல் மிதித்தாள். இருபுறமும் திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தது.

"அந்த சைக்கிள் அப்புறம் எங்கே போச்சுப்பா?"

"நம் ஊரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பார்த்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை."

அவள் உரக்கச் சிரித்தாள். பிறகு வண்டியை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறுதிநாள் மோதெனாவில், ஒரு வீட்டின் பரணில் பல்சாமிக்கோ என்னும் காடியைப் பக்குவப்படுத்தும் முறையைப் பார்த்தோம். திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, வெவ்வேறு மரத்தாலான, படிப்படியாய்ச் சிறுத்துவரும் பீப்பாய்களின் வரிசையில் வைக்கிறார்கள். ஆண்டுதோறும் சிறியதிலிருந்து சிறிதளவு எடுத்து, அதற்கு முந்தையதைக் கொண்டு அதனை நிரப்புகிறார்கள். கோடை வெப்பமும் பனிக்காலக் குளிரும் மாறி மாறிப் படவேண்டும் என்பதற்கே பரண். குறைந்தது 12 ஆண்டுகள். மூத்தது எனப் பெயர் பெற 25. மகள் பிறந்தால் ஒரு வரிசை தொடங்கிவிடும் வழக்கமும் அங்கே உண்டாம். எனக்கு ஒரு கரண்டியில் கொடுத்தார்கள். புளிப்பா, இனிப்பா என்று நாவு முடிவு செய்வதற்குள் இரண்டும் போய்விட்டன. திராட்சைதான், ஆனால் அச்சம் எழவில்லை.

அன்றிரவு விருந்தில் வழிகாட்டி மறுபடியும் குடுவையோடு சுற்றி வந்தார். என் கிண்ணம் வழக்கம்போல் கவிழ்ந்திருந்தது. "மருந்து இன்னும் முடியவில்லையா?" என்றார்.

"மருந்து எதுவும் இல்லை" என்றாள் என் மகள். "அன்று நான் சொன்னது சரியில்லை. என் தாத்தா குடிப்பவர். அதனால் அப்பா குடிப்பதில்லை."

மேசையில் சற்று அமைதி நிலவியது. வழிகாட்டி குடுவையைக் கீழே வைத்தார். என் கிண்ணத்தை நிமிர்த்தி, அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். பிறகு பாலாடைக்கட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.