பச்சைக் கட்டத்தில் எங்கள் மனை
இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்

என் தந்தையார் கொத்தனார். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுவார். ஆனால் கட்டட வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும், சுவர் 9 அங்குலமா நாலரையா, படிக்கட்டு எங்கே திரும்புகிறது என்று சொல்லிவிடுவார். ஊராருக்கு வீடு கட்டிய அவர் தமக்கென்று 3 சென்ட் மனை வாங்கியது 2013இல். சீட்டுப் பணமும் அம்மாவின் வளையலும் அதில் போயின.

சென்ற ஆண்டு வீடு கட்டத் துணிந்தோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே காகித வேலை என் தலையில் விழுந்தது. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளைப் புரட்டினேன். சாலை அகலம், நாற்புறமும் விட வேண்டிய இடம், மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம், மழைநீர் எங்கே இறங்கும்... எங்கள் செய்முறைத் தேர்வே தேவலை! "இத்தனையும் எதற்கப்பா?" என்றேன். "மௌலிவாக்கத்தை மறந்துட்டியாடா?" என்றார். 2014 ஜூன் 28 அன்று அங்கே 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் அப்பாவைப் போன்ற கட்டடத் தொழிலாளர்கள். இத்தனைக்கும் அதற்குத் திட்ட அனுமதி இருந்தது. தாளைப் பார்த்தவர்கள் மண்ணையும் தூணையும் பார்த்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

எங்களுக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. 2500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறை உண்டு. மனைதான் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். எனவே மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கி வந்தேன்.

அப்பா அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரல் சாலை வழியே நகர்ந்து, ஒரு பச்சைக் கட்டத்தில் நின்றது. "இதுல என்ன எழுதியிருக்கு?"

"பூங்கா" என்றேன்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொதுவுக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் துண்டுபோட்டு எங்களைப் போன்றவர்களிடம் விற்றிருந்தார்கள். வரைபடம் படிக்கத் தெரிந்த மனிதரிடம் அன்று தரகர் காட்டியதோ வெறும் வண்ண நோட்டீசு.

வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்திருக்கிறோம். மாலையில் அந்த மனையில் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எங்கள் எல்லைக்கல்தான் அவர்களுக்கு ஸ்டம்ப். அவர்களை விரட்ட அப்பாவுக்கு வாய் வரவில்லை, எனக்கும்தான்.

போன வாரம் ஒருவர் வீடு கட்டித்தர அழைத்தார். அப்பா முன்பணத்தைத் தொடாமல், மனைப்பிரிவு வரைபடத்தை முதலில் காட்டச் சொன்னார். அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.